ஹெடர்ஸ் போட்ட பிறகு சிவிக் ஏன் தகரப் பேணி மாதிரிக் கத்துகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 ஹொண்டா சிவிக் ஈகே3, மனுவல் கியர். மூன்று மாதத்துக்கு முன் என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் பழைய வார்ப்பிரும்பு மேனிபோல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தனித்தனிக் குழாய்களால் ஆன 4-2-1 ஸ்டெயின்லெஸ் ஹெடர்ஸ் போட்டேன். பொருத்திய இடத்தில், “இதையும் சேர்த்துச் செய்தால்தான் சவுண்ட் வரும்” என்று புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டரையும் முழக்கத்தை அடக்கும் நடு ரெசொனேட்டரையும் வெட்டி எடுத்து, நேர் பைப் ஒட்டிவிட்டார்கள். முதல் இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது மிதித்தால் தகரப் பேணிக்குள் குளவியை அடைத்த மாதிரிச் சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் ‘டிக் டிக்’. அதிவேகப் பாதையில் 2600 ஆர்பிஎம்முக்கு வந்தால் காது அடைக்கிறது. அம்மா இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டா. நண்பனின் லான்சரிலும் அதே கம்பனி ஹெடர்ஸ்தான், கன்வேட்டரை மட்டும் அவன் எடுக்கவில்லை. அவனுடையது கனமாக, வடிவாகக் கேட்கிறது. 4-1 ஹெடர்ஸுக்கு மாற்றினால் சரிவருமா? சுபாரு மாதிரிச் சத்தம் எடுக்க வழி உண்டா? அடுத்த மாதம் வருமான லைசன்ஸும் புதுப்பிக்க வேண்டும்.
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். நண்பன் கன்வேட்டரை மட்டும் எடுக்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான். இப்போது உங்கள் காதைக் குடைவதில் பெரும்பங்கு ஹெடர்ஸால் வந்ததல்ல. ஹெடர்ஸ் போட்ட சாட்டில் வண்டிக்கு அடியிலிருந்து எதை வெட்டினார்களோ, அதனால் வந்தது. ஆகவே இன்னொரு ஹெடர்ஸ் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு ஓடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒலிப்பதிவையும் மூன்று தரம் கேட்டேன். அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. போன் மைக் அடிச் சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது. சத்தம் கூடினால் தானாகவே அமுக்கிவிடும். யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, “அங்கிள், எனக்கு இந்தச் சவுண்ட்தான் வேணும்” என்று போனை நீட்டிக்கொண்டு கராஜுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். அந்த வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் பேசலாம். போனில் கேட்டதை வைத்துக் காசைக் கொட்டாதீர்கள்.

முதலில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று விளங்கினால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். எக்ஸோஸ்ட் வால்வ் திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் வெளிக் காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். அந்தக் காற்று ஒரே பாய்ச்சலாக வெளியே வரும். அது கன்னத்தில் விழும் ஒரு அறை மாதிரி. நாலு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு அறை. 3000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 6000 அறை, விநாடிக்கு 100. ஆக உங்கள் சிவிக்கின் அடிச் சுருதி அந்த இடத்தில் 100 ஹெர்ட்ஸ். 6600இல் 220. எந்த ஹெடர்ஸை மாட்டினாலும் இந்தச் சுருதி மாறாது. லெக்ஸஸ் எல்எஃப்ஏ என்ற காரின் சத்தத்துக்கு உலகமே மயங்கியது. யமஹாவோடு சேர்ந்து அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துச் செதுக்கினார்கள், சம நீள ஹெடர்ஸும் அதில் உண்டு. ஆனால் அது 10 சிலிண்டர், 9000 ஆர்பிஎம் வரை போகும். கணக்குப் போட்டால் 750 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தை நாலு சிலிண்டர் 1500 சீசீயிடம் எதிர்பார்ப்பது தவிலிடம் நாதஸ்வரத்தைக் கேட்பது மாதிரி.

நாதஸ்வரம் என்றதும் அதை வைத்தே சொல்லிவிடுகிறேன். சீவாளியில் ஊதுவதுதான் வால்வின் வேலை. உள்ளே போகிற குழாயின் நீளமும் பருமனும்தான் ஹெடர்ஸ். நுனியில் விரியும் அணசு பின்பக்கப் பைப். ஊதுகிறவர் ஒருவரே என்றாலும் குழாய் மாறினால் நாதம் மாறும். ஆனால் மண்டபத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதை ஹெடர்ஸ் அதிகம் தீர்மானிப்பதில்லை. அது கன்வேட்டர், ரெசொனேட்டர், பின் சைலன்சர் ஆகியவற்றின் சோலி. ஹெடர்ஸ் கைவைப்பது குரலின் தன்மையில்.

அது எப்படி? பழைய வார்ப்பிரும்பு மேனிபோல்ட்டைக் கழற்றினீர்களே, கையில் வைத்துப் பார்த்தீர்களா? நாலு குட்டைத் தொண்டைகள், ஒன்றுக்கொன்று சமமில்லாத நீளத்தில் போய் ஒரு வாயில் சேரும். உங்கள் என்ஜின் வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. வால்வுகள் சம இடைவெளியில்தான் திறக்கின்றன. ஆனால் நடுச் சிலிண்டர்களின் அறை முந்தி வந்து சேரும், ஓரச் சிலிண்டர்களின் அறை கொஞ்சம் பிந்தும். அந்தச் சின்னக் கோணல்தான் கம்பனிக் காரில் கேட்கிற மொரமொரப்பு. ஹெடர்ஸில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், நீளமும் ஏறத்தாழ ஒன்று. 4-2-1 என்றால் 1ஐயும் 4ஐயும் ஒரு சோடி, 2ஐயும் 3ஐயும் இன்னொரு சோடி. ஒரே சோடியில் உள்ள இரண்டும் சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வெடிப்பதால் ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடாது. பிறகு இரண்டு சோடியும் ஒன்றாகின்றன. அறைகள் வரிசை குலையாமல் வந்து சேரும்.

வரிசை குலையாத சத்தம் எப்படி இருக்கும்? இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுவது. ஹெடர்ஸ் போட்டால் வண்டி ‘கனமாக’ உறுமும் என்று நினைக்கிறார்கள். நல்ல சம நீள ஹெடர்ஸ் செய்வது அதற்கு நேர்மாறு. உறுமலைத் துடைத்துவிட்டு, சத்தத்தை மெல்லியதாக, கூராக, ஒரே இழையாக ஆக்கும். நாலு சிலிண்டர் ஹொண்டாவுக்கு அதுதான் இயல்பான குரலும்கூட. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் சிவிக் வருகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியுமுன்பே காது சொல்லிவிடும்.

சுபாருவின் ரகசியமும் இதே கணக்கில்தான் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் அந்த பொக்ஸர் என்ஜின் 1-3-2-4 என்று வெடிக்கும். 1உம் 3உம் ஒரு பக்கம், 2உம் 4உம் எதிர்ப்பக்கம். பழைய டர்போ வண்டிகளில் ஒரு பக்கத்துப் பைப் என்ஜினுக்கு அடியால் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கத்துக்கு வரவேண்டும், ஆகவே அது நீளம் கூட. ஒரு பக்கத்து இரண்டு அறையும் முந்திக்கொண்டு வந்துவிடும், மற்ற இரண்டும் சேர்ந்தாற்போல் பிந்தும். ‘டுக்டுக்… டுக்டுக்’ என்று எல்லாரும் கொண்டாடும் அந்த உறுமல் நீளம் சமமில்லாததால் வந்தது. 2003இல் லெகசிக்குச் சம நீளக் குழாய் போட்டார்கள், அந்தச் சத்தமும் அதோடு போய்விட்டது. இன்றைக்கும் ஒரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐக்குச் சம நீள ஹெடர்ஸ் மாட்டினால் சாதாரண நாலு சிலிண்டர் மாதிரித்தான் பாடும். உங்கள் சிவிக்கில் நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதில் சுபாரு சத்தம் எடுக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே கோணல் ஹெடர்ஸ் செய்ய வேண்டும். அப்படிக் கேட்டு ஒருவர் வந்தார், நான் செய்து கொடுக்கவில்லை.

இனி தகரப் பேணிக்கு வருவோம். ஒரு சின்னச் சோதனை. பழைய மேனிபோல்ட் இன்னும் வீட்டில் கிடக்கிறதென்றால் (எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்) நூலில் கட்டித் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ‘டக்’. சத்தம் அங்கேயே செத்துவிடும். இப்போது என்ஜின் ஆறிய நேரத்தில் பொனட்டைத் திறந்து ஹெடர்ஸின் ஒரு குழாயில் தட்டிப் பாருங்கள். ‘டிங்ங்’ என்று இழுக்கும். வார்ப்பிரும்பு தடிப்பு, போதாததற்கு அதற்குள் இருக்கும் கிராபைட் (பென்சில் கரி) அதிர்வை விழுங்கும். ஸ்டெயின்லெஸ் குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர் இருந்தால் நல்ல சாமான், மலிவானது அதற்கும் கீழே. ஒவ்வொரு அறைக்கும் அந்தச் சுவர் மணி மாதிரி அதிரும். ஈகே3இல் எக்ஸோஸ்ட் என்ஜினின் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருப்பதால் அந்த அதிர்வு கிரில்லின் வழியாக நேராக வெளியே வருகிறது. பழைய மேனிபோல்ட்டின் மேல் இருந்த ஹீட் ஷீல்ட் இந்தச் சத்தத்தையும் கொஞ்சம் மறைத்தது. ஹெடர்ஸோடு அதுவும் போயிருக்கும். காலி வீதி நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி முன்பைவிட அடிக்கடி போடுகிறதா என்றும் கவனியுங்கள், காரணம் அதேதான்.

குழாயின் தடிப்பு பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பதினெட்டு வயதில், கிராண்ட்பாஸில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பழைய லான்சர் பொக்ஸ் ஒன்றுக்கு நானே ஹெடர்ஸ் செய்தேன். கையில் காசில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் ஜீஐ பைப்பை வெட்டி, வளைத்து, இரவிரவாக வெல்டிங் பிடித்தேன். அடுத்த நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாயெல்லாம் செம்பு கடித்த மாதிரி ருசி. மலேரியா என்று அம்மா பயந்துவிட்டா. அது துத்தநாகப் புகை. ஜீஐ பைப்பின் பூச்சை எரித்தால் வருவது. இப்போதும் என் கராஜில் யாராவது ஜீஐ துண்டைக் கையில் எடுத்தால் நான் சத்தம் போடுவேன். அந்த ஹெடர்ஸ் மூன்று மாதம் ஓடியது. நாலு குழாயும் நாலு நீளம், ஆனால் சுவர் தடிப்பு. சத்தம் என்னவோ கிணற்று மோட்டார் மாதிரித்தான் இருந்தது, தகரச் சத்தம் மட்டும் துளிகூட இல்லை.

ஆனால் உங்கள் குளவிக்குப் பெரிய காரணம் சுவர் அல்ல, கன்வேட்டர். அதை வெறும் புகை வடிகட்டி என்று நினைக்காதீர்கள். உள்ளே தேன்கூடு மாதிரிச் சதுர அங்குலத்துக்கு 400 அளவில் மெல்லிய கண்கள். காற்று அதற்குள்ளால் போகும்போது கூரான, உயர்ந்த சத்தங்கள் எல்லாம் அந்தக் கண்களில் உரசித் தேய்ந்துவிடும். ஹெடர்ஸ் சத்தத்தைக் கூராக்குகிறது என்றேன். அந்தக் கூர்மையை மழுக்க இருந்த முக்கிய சாமானைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெறும் பைப்பை ஒட்டினால் குளவி வெளியே வராமல் என்ன செய்யும்? நண்பனின் லான்சர் கனமாகக் கேட்பது ஹெடர்ஸின் புண்ணியத்தால் அல்ல. அவனுடைய கன்வேட்டர் அந்தக் கூர்மையை விழுங்கிவிட, மிச்சமிருக்கும் அடிச் சத்தம் மட்டும் பின்னால் வருகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். வெட்டி எடுத்த கன்வேட்டரை உங்களிடம் தந்தார்களா? அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கும். பழைய இரும்பு என்று ஒதுக்கிவைக்கிற சாமான் அல்ல அது. “சவுண்டுக்காக எடுக்க வேண்டும்” என்று அக்கறையாகச் சொல்பவர் எல்லாரும் சவுண்டை மட்டும் நினைத்துச் சொல்வதில்லை. போய்க் கேட்டுப் பாருங்கள். ஒன்றையும் மனதில் வையுங்கள்: இலங்கையில் ஈயம் கலந்த பெட்ரோல் 2002இல்தான் நின்றது. அதற்கு முன் இங்கே ஓடிய வண்டிகளில் பல கன்வேட்டர்களை ஈயம் அப்போதே கொன்றுவிட்டது. உங்களுடையது 1998. திரும்பக் கிடைத்தாலும், உள்ளே உடைந்து கலகலக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கலகலத்தால் புதிதாக ஒரு 200 கண் கன்வேட்டர் போடுங்கள். காற்றோட்டமும் தாராளம், குளவியும் அடங்கும்.

காலை ‘டிக் டிக்’ வேறு கதை. அது சத்தப் பிரச்சினை மாதிரித் தோன்றும், உண்மையில் ஒழுக்கு. என்ஜின் ஹெட்டோடு சேர்கிற தட்டை விளிம்பு, அதாவது பிளேன்ஜ், வெல்டிங் சூட்டில் வளைந்திருக்கலாம். ஆறியிருக்கும்போது மயிரிழை இடைவெளி, என்ஜின் சூடேற உலோகம் விரிந்து அடைபட்டுவிடும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் சத்தம் காணாமற்போகிறது, நீங்களும் மறந்துவிடுகிறீர்கள். மறக்க வேண்டாம். அந்த இடைவெளியால் புகை வெளியே வருவது மட்டுமல்ல, ஒவ்வொரு அறைக்கும் பின்னால் வருகிற வெற்றிட அலை வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். புகையில் உள்ள ஒட்சிசனைப் பார்க்கும் ஓ2 சென்சர் அந்தக் காற்றைக் கண்டு “பெட்ரோல் குறைவு” என்று என்ஜினின் கணினியான ஈசியூவுக்குப் பிழையான தகவல் கொடுக்கும். ஈசியூ பெட்ரோலை ஊற்றும். பிளக் கறுக்கும், கால் எடுக்கும்போது பின்னால் ‘பட் பட்’ என்று வெடிக்கும். அதைச் ‘சூப்பர் சவுண்ட்’ என்று ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்ரோல் பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பில் ஒரு மீற்றர் வெட்டி, ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை பிளேன்ஜ் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். ஒழுகும் இடத்தில் காதுக்குள் சுள்ளென்று அறையும். விசிறி, பெல்ட் பக்கம் கையையும் பைப்பையும் கொண்டுபோகக் கூடாது. செய்யத் துணிவில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், நான் பார்க்கிறேன். கண்டுபிடித்த பிறகு வெறும் கேஸ்கட்டை மாற்றி இறுக்கினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். ஹெடர்ஸைக் கழற்றி, பிளேன்ஜின் மேல் நேர் விளிம்பு வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் தட்ட வேண்டும். பூட்டும்போது நடு நட்டிலிருந்து வெளியே வெளியே என்று இறுக்கி, ஒரு நாள் ஓடிச் சூடாகி ஆறிய பிறகு இன்னொரு தரம் இறுக்க வேண்டும். அதோடு ஹெடர்ஸுக்குக் கீழே வலைப் பின்னலோடு ஒரு பிளெக்ஸ் பைப் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் குழாய் 80 சென்றிமீற்றர் நீளம் இருந்து, 600 பாகை சூடேறினால் 8 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கவும் என்ஜின் ஆட்டத்தைத் தாங்கவும்தான் பிளெக்ஸ். அதையும் வெட்டிவிட்டு நேர் பைப் ஒட்டியிருந்தால் அடுத்தது வெல்டிங் வெடிப்புத்தான்.

இனி அம்மாவின் காது. சின்னக் காரின் உள்ளறை முன்னுக்கிருந்து பின்னுக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர். அந்த அளவு உள்ளறைக்கு ஒரு சொந்தச் சுருதி உண்டு. நம்முடைய சூட்டில் காற்றில் ஒலி விநாடிக்கு 349 மீற்றர் போகும். கணக்குப் போட்டால் 87 ஹெர்ட்ஸ். இப்போது உங்கள் 2600 ஆர்பிஎம்மை எடுங்கள்: விநாடிக்கு 87 அறை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. குடத்துக்குள் வாயை வைத்து ஊதும்போது ஒரு இடத்தில் குடமே முழங்குமே, அதுதான் உங்கள் காருக்குள் நடக்கிறது. ஹொண்டா எஞ்சினியருக்கு இது தெரியும். அந்த நடு ரெசொனேட்டரை அவர் இந்த மாதிரி இடங்களைக் கணக்கில் எடுத்துத்தான் வைத்தார். அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். இந்த அடி முழக்கம் காலி வரை போய் வருவதற்குள் தலையிடி கொடுக்கும்.

வழி என்ன? பழைய ரெசொனேட்டர் கிடைத்தால் அதையே திரும்ப ஒட்டுவது மலிவு, நம்பகமும். கிடைக்காவிட்டால் அதே நீளத்தில் நல்லதாக ஒன்று. அதுவும் போதவில்லை என்றால்தான் பக்கவாட்டில் ஒரு முட்டுப் பைப் ஒட்டுவது. நுனி அடைத்த குழாய், மெயின் பைப்பிலிருந்து கிளையாகப் பிரிந்து நிற்கும். அலை அதற்குள் போய் முட்டித் திரும்பி வரும்போது சரியாக எதிர்மாறாக வந்து, அந்த ஒரு சுருதியை மட்டும் அமுக்கும். நீளம் சரியாக இருக்க வேண்டும், வாயுவின் சூட்டைப் பொறுத்து அது மாறும். பின்பைப்பில் வாயு 275 பாகை என்று எடுத்தால் 87 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 1.35 மீற்றர். ஆனால் அடைத்த பைப்புக்குள் வாயு ஓடாது, ஆறிவிடும். 150 பாகைக்கு ஆறினால் 1.18 மீற்றர்தான். ஆகவே கொஞ்சம் நீளமாக ஒட்டி, ஓடிப் பார்த்து, இரண்டு இரண்டு அங்குலமாக வெட்டிக்கொண்டு வரவேண்டும். பொறுமையான பாஸ் ஒருவர் வேண்டும். “கண்ணளவுக்கு ஒட்டிவிடலாம்” என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அதற்கு முன் ஒரு சில்லறைச் சோலி: பைப்பைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்து, பைப் எங்கேயாவது வண்டியின் அடித்தகட்டில் முட்டுகிறதா என்று பாருங்கள். பாதி முழக்கம் சில நேரம் அதிலேயே போய்விடும்.

4-1 பற்றி: வேண்டாம். நாலு குழாயும் நேராக ஒரே இடத்தில் சேர்வதால் அது மேல் ஆர்பிஎம்மில் இழுக்கும், கீழே சோம்பும். சத்தம் இன்னும் உயரும், இன்னும் கூராகும். அதாவது குளவிக்குச் சிறகு முளைக்கும். கொழும்பில் இரண்டாம் கியரில் ஊர்கிற வண்டிக்கு 4-2-1தான் பொருத்தம். பவர் கேட்பீர்கள் என்று தெரியும். 1500 சீசீயில் ஹெடர்ஸால் மட்டும் கிடைப்பது உங்கள் காலுக்குத் தெரிகிற அளவு அல்ல, காதுக்குத்தான் தெரியும்.

லைசன்ஸ் விசயம் அவசரம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் அளப்பார்கள். கன்வேட்டர் இல்லாமல், ஒழுக்கால் பெட்ரோலும் கூட எரியும் நிலையில் போவது காசைக் கொடுத்துத் தோல்வி வாங்குவது. கன்வேட்டர் போட்ட பிறகும் வீட்டிலிருந்து நேராகப் போய் வரிசையில் நின்று ஆறவைக்காதீர்கள். அது 250, 300 பாகைக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். இருபது நிமிடம் நன்றாக ஓட்டிச் சூடோடு உள்ளே போங்கள். பொலிஸ் பக்கம் பார்த்தால், 2025இன் தொடக்கத்திலிருந்து மாற்றியமைத்த சைலன்சர்களில் கண் வைத்திருக்கிறார்கள். மரைன் டிரைவில் இரவு பத்து மணிக்கு மிதித்துக் காட்டுகிறவர்களோடு சேர்த்து உங்களையும் நிறுத்தினால், “ஹெடர்ஸ்தான் சேர், சைலன்சர் ஒரிஜினல்” என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

உங்கள் ஹெடர்ஸ் ‘304’ என்று சொல்லித் தந்திருப்பார்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்று பலர் நம்புகிறார்கள். 201 என்கிற மலிவு ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது. ஒருமுறை நானும் அப்படித்தான் ஒரு கடையில் ஏமாந்தேன். கடற்கரைப் பக்கம் நிறுத்துகிற வாடிக்கையாளரின் வண்டியில் ஒரு வருடத்துக்குள் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்பு. வெள்ளவத்தையில் உப்புக் காற்று உங்களுக்கும் உண்டு. கழற்றும்போது வெல்டிங் ஓரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே கவலைப்பட வேண்டாம்.

சனிக்கிழமை கொண்டுவருவதானால் முதல்நாள் இரவே வண்டியைக் கராஜில் விட்டுவிட்டுப் போங்கள். அந்த ‘டிக் டிக்’ முதல் ஸ்டார்ட்டில்தான் சரியாகக் கேட்கும். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தால் சூடேறி அடங்கிவிடும், பிறகு அது ஆறும்வரை நானும் நீங்களும் பிளேன்டி குடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பழைய மேனிபோல்ட்டை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். கன்வேட்டரும் ரெசொனேட்டரும் திரும்பக் கிடைத்தால் அவற்றையும்.